விசுவாசத்துக்கு விலை வாங்காத கணித மேதை



மதுரை என்றவுடன் கத்தோலிக்கர்களாகிய நமக்கு யாருடைய நினைவு வருகிறது? 1606-ம் ஆண்டில் அந்நகருக்கு வந்து, காவி உடுத்தி, தமிழும் வடமொழியும் கற்று, சுவிசேஷத்தைப் போதித்த தத்துவ போதக சுவாமியாரின் நினைவு வருகிறது. மறவ நாட்டில் இரத்தம் சிந்திய அர்ச். அருளானந்தரின் நினைவு வருகிறது. தத்துவ போதகர் வந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து, அதே மதுரையில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கணிதமும் கம்ப்யூட்டரும் படிக்கும் நம் பிள்ளைகள் மட்டும் அவர் பெயரை அறிவார்கள். டி மார்கன் விதிகள் என்று அவர்களுடைய புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. அந்த அகஸ்டஸ் டி மார்கன் மதுரையில் பிறந்தவர் என்பது அவர்களிலும் அநேகருக்குத் தெரியாது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எந்தச் சபையிலும் தம்மைச் சேர்த்துக் கொள்ளாமலே வாழ்ந்து மரித்தவர். அப்படிப்பட்டவரின் சரித்திரத்தைப் பங்குப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள். காரணம் அங்கே இருக்கிறது.

பிறப்பும் இளமையும்

1806-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனையில் அதிகாரி. குழந்தை பிறந்த 13-ம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நாடெங்கும் கலக்கமான காலம். அந்நாளில் நம் காரைக்காலும் ஆங்கிலேயரின் பிடியில்தான் இருந்தது. 1817-ல்தான் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தையின் வலது கண் நோயுற்றுப் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். பிறகு அவர் இந்தியாவுக்கு ஒருபோதும் திரும்பவில்லை. ஆனாலும் தாம் ஆங்கிலேயரும் அல்ல, ஸ்காட்லாந்தியரும் அல்ல, ஐரிஷ்காரரும் அல்ல, எதிலும் ஒட்டாத ஒரு பிரிட்டானியர் என்று வேடிக்கையாகச் சொல்லிக் கொள்வார். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார். 1816-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் அந்தத் தகப்பனார் காலமானார்.

ஒற்றைக் கண் பையனைப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? ஒருவன் ஓசையில்லாமல் அவருடைய குருட்டுக் கண் பக்கமாக வந்து, பேனாக் கத்தியைக் கன்னத்தருகில் பிடித்துக் கொண்டு, சட்டென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இவர் திரும்பியதும் கத்தி முனை முகத்தில் குத்தும். விளையாட்டு என்ற பெயரில் பிள்ளைகள் செய்யும் கொடுமை எக்காலத்திலும் ஒன்றுதான். ஊனமுற்ற பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று தாய் தகப்பன்மார் விசாரிப்பது நல்லது.

தாயார் மிகுந்த பக்தியுள்ளவர். மகன் ஆங்கிலிக்கன் சபையில் குருவாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகையால் பையனை ஓயாமல் கோவிலுக்கு அழைத்துப் போவார்கள். நீண்ட நீண்ட பிரசங்கங்களைக் கேட்க வேண்டும். பையன் என்ன செய்தான் தெரியுமா? காலணிக் கொக்கியின் கூர்முனையால் முன்னாலிருந்த பலகையில் புள்ளி புள்ளியாகக் குத்தி, யூக்ளிடின் கணித வடிவங்களை வரைந்து கொண்டிருந்தான். பிரிஸ்டல் நகரத்துக் கோவில் ஒன்றில் அந்தப் புள்ளிகளைப் பிற்காலத்தில் கண்டவர்கள் உண்டு. பிரசங்கம் செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை!

ஒரு கையெழுத்து

1823-ல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் உருப்போடும் வழக்கம் அவரிடம் இல்லை. மனம் போனபடி பல நூல்களைப் படித்தார். 1827-ல் கணிதப் பரீட்சையில் நான்காவதாகத் தேறினார். அதற்கு மேலான பட்டம் பெறவும், கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு அமரவும் ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஆங்கிலிக்கன் சபையின் கோட்பாடுகளை முழுவதும் ஏற்றுக் கொள்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்தில் இது சாதாரணக் காரியம். எத்தனையோ வாலிபர்கள் வாசித்தும் பாராமல் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட முடியாதவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. நம் கத்தோலிக்கர்களும் அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களே என்பதை மறவாதீர்கள். கேம்பிரிட்ஜில் ஒரு கத்தோலிக்க மாணவன் படிக்கலாம். பட்டம் பெற முடியாது. ஆக்ஸ்போர்டிலோ உள்ளே நுழையவும் முடியாது.

டி மார்கன் ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்தவர். இருந்தும், முழுமனதோடு ஏற்காத வார்த்தைகளின் கீழ் ஒரு பதவிக்காகத் தம் பெயரை எழுத அவருக்கு மனம் வரவில்லை. கையெழுத்திடவில்லை. கேம்பிரிட்ஜில் அவருக்கு இருந்த எதிர்காலம் அன்றோடு முடிந்தது.

இதைப் போன்ற ஒரு காரியம் சில ஆண்டுகளில் பிரான்சிலும் நடந்தது. கொஷி என்ற பெரிய கணித மேதை நல்ல கத்தோலிக்கர், அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழைகளுக்கு உழைத்தவர். 1830-ல் புரட்சியால் அரசுக்கு வந்த புதிய மன்னருக்குச் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்து, ஆசிரியப் பதவிகளை இழந்து, பல ஆண்டுகள் அந்நிய தேசத்தில் இருந்தார். எண்களோடு பழகும் மனிதர் வார்த்தையையும் எண்ணைப் போல மதித்தார்கள். இரண்டு என்றால் இரண்டு. ஏற்றால் ஏற்பு, இல்லையென்றால் இல்லை.

ஆசிரியர்

லண்டனில் புதிதாக ஒரு சர்வகலாசாலை அப்போது ஏற்பட்டது. அதில் மாணவனின் மதத்தையும் ஆசிரியரின் மதத்தையும் கேட்பதில்லை என்பது விதி. அதனாலேயே அதைக் கடவுளற்ற கல்லூரி என்று பலர் இகழ்ந்தார்கள். 1828-ல் அதன் முதல் கணிதப் பேராசிரியராக டி மார்கன் நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 21.

மூன்றே ஆண்டுகளில், 1831-ல், அந்தப் பதவியையும் விட்டார். உடற்கூறு கற்பித்த ஒரு பேராசிரியரை நிர்வாகிகள் தக்க காரணம் காட்டாமல் நீக்கினார்கள். தமக்கு ஒரு குறையும் இல்லாதிருந்தும், நியாயமற்ற இடத்தில் இருக்கலாகாது என்று டி மார்கன் ராஜிநாமாச் செய்தார். 1836-ல், அவருக்குப் பின் வந்த ஆசிரியர் நீரில் மூழ்கி இறந்துவிட, கல்லூரியார் வேண்டியதன் பேரில் திரும்பினார். பின்பு முப்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார்.

கற்பிப்பதில் அவர் முறை கண்டிப்பானது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கணக்குகள் கொடுப்பார். மாணவர்கள் செய்து கொடுத்ததை அடுத்த வகுப்புக்குள் தாமே திருத்திக் கொடுத்து விடுவார். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதை அடியோடு வெறுத்தார். பட்டங்களிலும் அவருக்கு ஆசையில்லை. ராயல் சொசைட்டியில் அங்கத்தினராக அவர் விரும்பவில்லை. எடின்பரோ சர்வகலாசாலை அளிக்க முன்வந்த கௌரவப் பட்டத்தையும் வேண்டாம் என்றார். ஆனால் ஏழைத் தொழிலாளரும் வாங்கக்கூடிய ஒரு மலிவுக் கலைக்களஞ்சியத்துக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், பவுனுக்கு 20 ஷில்லிங் என்ற குழப்பத்தை நீக்கி, தசாம்ச நாணயம் வேண்டுமென்றும் வாதாடினார். நம் நாட்டில் 1957-ல் அணா போய் நயா பைசா வந்தது. இங்கிலாந்திலோ 1971-ல்தான் அது நிறைவேறியது.

அவர் போட்ட ஒரு விடுகதையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் தம் வயதை அதே வயதால் பெருக்கினால் அந்த ஆண்டே விடையாக வந்தது என்றார். 1849-ல் அவருக்கு வயது 43. 43-ஐ 43-ஆல் பெருக்கிப் பாருங்கள். நம் பங்கில் 1980-ல் பிறந்தவர்களுக்கும் 2025-ல் இந்தப் பாக்கியம் கிடைத்தது. அடுத்தது 2116-ல்தான் வரும்.

உப்பும் புளியும்

அவருடைய பெரிய வேலை தர்க்க சாஸ்திரத்தில் நடந்தது. குருமடத்தில் பழைய தர்க்க சாஸ்திரத்தைப் படித்தவர்கள் பார்பரா, செலாரெந்த் என்று லத்தீனில் உருப்போட்ட நாட்களை மறக்க மாட்டார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த அந்தச் சாஸ்திரத்துக்குக் கணிதத்தைப் போலக் குறியீடுகள் கொடுக்கலாம் என்று காட்டியவர்களில் டி மார்கனும் அவருடைய நண்பர் பூலும் முதன்மையானவர்கள். இருவருடைய நூல்களும் 1847-ம் ஆண்டிலேயே வெளிவந்தன.

அவர் பெயரால் வழங்கும் விதிகளை நம் வீட்டுப் பேச்சிலே சொல்லிவிடலாம். தாய் மகனைக் கடைக்கு அனுப்புகிறாள். உப்பும் புளியும் வாங்கினாயா என்று கேட்கிறாள். இல்லை என்கிறான். உடனே அவன் வெறுங்கையோடு வந்தான் என்று அடிக்கக் கூடாது. உப்பு இல்லாதிருக்கலாம், அல்லது புளி இல்லாதிருக்கலாம். ஏதோ ஒன்றாவது குறைகிறது என்பதே அதன் பொருள். இது முதல் விதி. உப்போ புளியோ ஏதாவது வாங்கினாயா என்று கேட்டு, அதற்கு இல்லை என்றால், உப்பும் இல்லை, புளியும் இல்லை. இது இரண்டாம் விதி. இதே உண்மையை 14-ம் நூற்றாண்டிலேயே ஒக்காம் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி லத்தீன் வார்த்தைகளில் எழுதி வைத்தார். டி மார்கன் அதைக் கணிதமாக்கினார். இன்று உங்கள் கையிலிருக்கும் போனுக்குள்ளும் இந்த விதிகள் ஓயாமல் வேலை செய்கின்றன.

நம் ஊர்ப் பேச்சுக்கும் இது பயன்படும். ஒருவனைப் பற்றி, அவன் பக்தியும் நேர்மையும் உள்ளவன் அல்ல என்று யாராவது சொன்னால், இரண்டும் இல்லாதவன் என்று நாம் முடிவு கட்டி விடுகிறோம். பாதிக் குறையை முழுக் குறையாக்குவது புறணியின் வேலை. தர்க்கம் அறிந்தவன் அவசரப்பட மாட்டான். பிறர் சிநேகம் உள்ளவன் அதிலும் அவசரப்பட மாட்டான்.

டில்லியிலிருந்து வந்த புத்தகம்

1850-ல் இந்தியாவிலிருந்து டி மார்கனுக்கு ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. டில்லிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ராமச்சந்திரர் எழுதியது. சிறு வயதிலே தகப்பனை இழந்து வறுமையில் வளர்ந்தவர் அவர். குறிப்பிட்ட நீளமுள்ள வேலியைக் கொண்டு எந்த வடிவ நிலத்தை அடைத்தால் அதிக இடம் கிடைக்கும் என்பது போன்ற கணக்குகளை, ஐரோப்பியர் நுண்கணிதத்தால் செய்வார்கள். ராமச்சந்திரரோ நம் முன்னோர் வளர்த்த பீஜ கணிதத்தின் வழியிலேயே அவற்றுக்கு விடை கண்டார். கல்கத்தாவில் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு கிடைக்கவில்லை, ஏளனமே கிடைத்தது.

டி மார்கன் அதை ஊன்றி வாசித்தார். ஆளும் இனத்தார் அடிமைப்பட்ட நாட்டாரின் அறிவை மதிக்காத காலத்தில், இது உயர்ந்த வேலை என்று கம்பெனி அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். 1859-ல் லண்டனில் தாமே முன்னுரை எழுதி அதை மறுபடி வெளியிடச் செய்தார். இந்தியர் மேனாட்டைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது, தங்கள் சொந்தக் கணித வேரிலிருந்து துளிர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்த ராமச்சந்திரர் 1852-ம் ஆண்டில் டில்லியில், ஆங்கிலிக்கன் சபையில், ஞானஸ்நானம் பெற்றார். சொந்த ஜனங்கள் அவரைத் தள்ளி வைத்தார்கள். பின்பு, 1857 மே 11-ல் டில்லியில் புரட்சி மூண்டபோது, அவரோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற வைத்தியர் சமன் லால் கொல்லப்பட்டார். ராமச்சந்திரர் ஒளிந்து தப்பினார். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசி நாட்கள்

1866-ல் லண்டன் கல்லூரியில் தத்துவ ஆசிரியர் பதவிக்கு மார்ட்டினோ என்பவர் தகுதியால் முன்னின்றார். அவர் தமதிரித்துவத்தை ஏற்காத ஒரு சபையின் போதகர். அவருடைய போதகம் நமக்கு ஏற்றதல்ல; அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் மதத்தைக் கேட்பதில்லை என்ற விதியின் மேல் கட்டப்பட்ட கல்லூரி, மதத்தைக் காரணமாக்கி அவரை ஒதுக்கியது. டி மார்கன் இரண்டாம் முறையும் ராஜிநாமாச் செய்தார். வயது 60. அவர் நினைவாகக் கல்லூரியில் ஒரு சிலை வைக்க நண்பர்கள் விரும்பினார்கள். தாம் நேசித்த கல்லூரி இப்போது இல்லை என்று சொல்லி அதற்கும் இணங்கவில்லை.

பின்பு துக்கத்தின் மேல் துக்கம். லண்டன் கணிதச் சங்கம் 1865-ல் தொடங்கியபோது தகப்பன் முதல் தலைவர். மகன் ஜார்ஜ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த மகன் 1867-ல் இறந்தார். 1870-ல் ஒரு மகளும் இறந்தாள். 1871-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ம் தேதி டி மார்கனும் கண்களை மூடினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டத்துக்கும் பதவிக்கும் மதக் கையெழுத்து வேண்டியதில்லை என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. 44 ஆண்டுகள் அவரை வெளியே நிறுத்திய கதவு, அவர் போன மூன்றாம் மாதம் திறந்தது. நம் கத்தோலிக்கருக்கும் அன்றுதான் அது முழுவதும் திறந்தது.

அவர் எழுதி வைத்த மரண சாசனம்

இப்போது காரணத்துக்கு வருகிறேன். டி மார்கனின் மரண சாசனத்தைத் திறந்து வாசித்தபோது, அதில் சொத்து விவரத்தோடு வேறொன்றும் இருந்தது. சர்வ வல்லமையுள்ள சர்வேசுரனிடம், சேசுகிறிஸ்துநாதரின் பிதாவிடம், நம்பிக்கையோடு தம்மை ஒப்படைப்பதாக எழுதியிருந்தார். சேசுநாதர் சர்வேசுரனுடைய குமாரன் என்று இருதயத்தில் விசுவசித்ததாகவும், வாயினால் அதை அறிக்கையிடாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தார். அதற்கு அவர் சொன்ன காரணம், தம் காலத்தில் அந்த அறிக்கை உலகத்தில் மேலே ஏறுவதற்கு ஏணியாக இருந்தது என்பதே.

இதை முதன்முதல் வாசித்தபோது வெகுநேரம் சும்மா இருந்தேன். அவர் செய்தது முழுவதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். இருதயத்தில் விசுவசிப்பதும் வாயினால் அறிக்கையிடுவதும் இரண்டும் வேண்டும் என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்குப் போதிக்கிறார். விளக்கை மரக்காலின் கீழ் வைக்கலாகாது. பிறர் விசுவாசத்தை வியாபாரமாக்கினார்கள் என்பதற்காக நாம் அதை மறைத்து வைப்பது கள்ள நாணயம் உண்டு என்பதற்காக நல்ல நாணயத்தையும் புதைத்து வைப்பதற்குச் சமம். ராமச்சந்திரரைப் பாருங்கள். அறிக்கை ஏணியாக இராமல் ஆபத்தாக வந்தபோதும் அவர் அதை மறைக்கவில்லை.

ஆனாலும் டி மார்கன் நம்மைக் கேட்காமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. நம் விசுவாசத்துக்கு நாம் என்ன விலை வாங்குகிறோம்? வருஷம் முழுவதும் பூசைக்கு வராமல், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கும் மாதத்தில் மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் பங்குச் சுவாமியின் சிபாரிசுக் கடிதத்துக்கும் வருகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்காக மட்டும் கத்தோலிக்கராகிறவர்கள் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக் கொள்ள முடியாது. அங்கி போட்ட நாள் முதல் எனக்கு எங்கும் முதல் நாற்காலி கிடைக்கிறது. என் வயதுக்கு மூத்தவர்களும் எழுந்து நிற்கிறார்கள். நான் வாயினால் செய்யும் அறிக்கைக்கு நாள்தோறும் மரியாதை என்ற கூலி கிடைத்துக் கொண்டே இருக்கிறது. அந்தக் கூலி நின்று போனாலும் அதே அறிக்கையைச் செய்வேனா என்று இந்த மனிதர் என்னைக் கேட்கிறார்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு சிறு கணக்குப் போடுவோம். சேசுநாதரை அறிந்தவன் என்பதால் எனக்குக் கிடைத்த இலாபம் எவ்வளவு, அவருக்காக நான் விரும்பி ஏற்ற நஷ்டம் எவ்வளவு? தராசில் குறைக்காததால் போன காசு, சீதனம் கேட்காததால் போன சம்பந்தம், பொய்க் கணக்கில் கையெழுத்திடாததால் போன உத்தியோக உயர்வு, இவையே இரண்டாம் பத்தியில் எழுத வேண்டியவை. அந்தப் பத்தி காலியாக இருந்தால், இருதயத்தில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

மதுரையில் பிறந்து, ஒற்றைக் கண்ணோடு உலகத்தைப் பார்த்த அந்த மனிதரின் ஆத்துமத்தைச் சர்வேசுரனின் இரக்கத்துக்கு ஒப்புக் கொடுப்போம். அவர் கூலியில்லாமல் இருதயத்தில் வைத்திருந்ததை, நாம் கூலியில்லாமல் வாயினாலும் வாழ்க்கையாலும் சொல்ல வரம் கேட்போமாக.